"சீக்கிரம் முடிஞ்சிருது சார்": விந்து முந்துதல் பற்றி ஒரு நீளமான திரெட்

இந்தத் திரெட்டுக்கு லைக் அதிகம் வராது. புக்மார்க் நிறைய வரும். கமெண்ட்டில் யாரும் வர மாட்டீங்க, இன்பாக்ஸுக்கு மட்டும் வருவீங்க. தெரிஞ்சேதான் எழுதுறேன். போன மாசம் சுகர் பத்தி எழுதினப்ப எனக்கு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் சுகர் பத்தி இல்லை. "சார், தப்பா நினைக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சு, நாலு வரி சுத்தி வளைச்சு, கடைசி வரியில் ஒரே விஷயம்: சீக்கிரம் முடிஞ்சிருது.

தமிழில் இதுக்கு விந்து முந்துதல்னு பேர். பழைய பத்திரிகை விளம்பரங்களில் துரித ஸ்கலிதம்னு போடுவாங்க. தென்காசி ஓபியில் இதுக்கு இருக்கிற பேர்களே வேற. நரம்புத் தளர்ச்சி. இடுப்புக் கடுப்பு. அசதி. "உடம்புல சத்தே இல்ல சார்." வலி எங்கன்னு கேட்டா காட்டத் தெரியாது, பின்னாடி வரிசையில் நிக்கிறவங்களை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சிரும். அரசு ஆஸ்பத்திரி ஓபியில் மாத்திரை கிடைக்கும், ஊசி கிடைக்கும், தனிமை மட்டும் கிடைக்காது. அதனால நான் ஒரு வழி வச்சிருக்கேன். "வாங்க, பிரஷர் பார்ப்போம்"னு ஸ்கிரீனுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயிருவேன். கையில் பட்டையைச் சுத்தி காத்து அடிச்சு இறக்குற அந்த அரை நிமிஷத்தில், என் முகத்தைப் பார்க்காம, பாதரசத்தைப் பார்த்துக்கிட்டே சொல்லிருவாங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் எம்.பி.பி.எஸ். படிச்ச டியூட்டி டாக்டர். பாலியல் மருத்துவ நிபுணர் இல்லை. ஓபியிலும் கேஷுவாலிட்டியிலும் உக்கார்ந்து பார்த்ததும், பாடத்தில் இருக்கிறதும்தான் இங்கே. நான் சொல்ற நோயாளிகளின் ஊர், வயசு, தொழில் எல்லாத்தையும் மாத்திட்டேன். உங்க பக்கத்து வீட்டுக்காரரைத் தேடாதீங்க.

எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் சார் நார்மல்?" இதுக்குப் பதில் இருக்கு. கடிகாரம் வச்சே அளந்திருக்காங்க. 2005-ல் டச்சு மருத்துவர் மார்செல் வால்டிங்கரும் அவர் குழுவும் வெளியிட்ட ஆய்வு அது. நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா, இந்த அஞ்சு நாட்டில் சுமார் 500 ஜோடிகள். ஸ்டாப்வாட்சை மனைவி கையில் கொடுத்துட்டாங்க. (கணவன் கையில் கொடுத்திருந்தா முடிவு வேற மாதிரி வந்திருக்கும்னு நினைக்கிறேன்.) உறுப்பு உள்ளே போன நொடியிலிருந்து விந்து வெளியேறும் வரைக்கும் உள்ள நேரம். எல்லாரையும் வரிசையா நிறுத்தினா நடுவில் நிக்கிறவரின் நேரம் 5.4 நிமிஷம். குறைஞ்சது அரை நிமிஷம், அதிகபட்சம் 44 நிமிஷம்.

அஞ்சரை நிமிஷம்கூட இல்லை. ஒரு டீ ஆறுற நேரம். ஆனா என்கிட்ட வர்ற பையன்கள் மனசில் இருக்கிற கணக்கு அரை மணி, முக்கால் மணி. அது எங்கிருந்து வருதுன்னு உங்களுக்கும் தெரியும், போனில் பார்க்கிற படங்கள். அது எடிட் பண்ணினது, வெட்டி ஒட்டினது, மாத்திரை போட்டு நடிச்சது. சினிமாவில் ஒரே ஆள் இருபது பேரை அடிக்கிறதைப் பார்த்துட்டு ஆர்த்தோ டாக்டர்கிட்ட "என்னால ரெண்டு பேரைக்கூட அடிக்க முடியல"ன்னு யாரும் போறதில்லை. இதுக்கு மட்டும் வர்றாங்க.

அப்ப எதை நோய்னு சொல்றோம்? பாலியல் மருத்துவத்துக்கான சர்வதேச சங்கம் 2008-ல் ஒரு வரையறை கொடுத்துச்சு, 2014-ல் அதைத் திருத்தி விரிவாக்கினாங்க. அதில் மூணு விஷயம் சேர்ந்து இருக்கணும். முதல் உறவிலிருந்தே எப்பவும், அல்லது கிட்டத்தட்ட எப்பவும், உள்ளே போகும் முன்னாடியோ போன ஒரு நிமிஷத்துக்குள்ளேயோ முடிஞ்சிடணும். தள்ளிப்போட முயற்சி பண்ணியும் முடியாம இருக்கணும். அதனால வேதனை, எரிச்சல், உறவையே தவிர்க்கிறது மாதிரி பாதிப்பு இருக்கணும். நல்லா இருந்துட்டு நடுவில் வர்ற வகைக்கு, முன்னாடி இருந்த நேரம் நல்லாக் குறைஞ்சு, பெரும்பாலும் மூணு நிமிஷத்துக்குள்ள வந்திருக்கணும். ரெண்டு நிமிஷம் ஆகுது, ரெண்டு பேருக்கும் குறையில்லைன்னா அது நோயே இல்லை. எனக்கு அதில் வேலையும் இல்லை.

கடையநல்லூர் பக்கத்து ஆள் ஒருத்தர், வளைகுடாவில் டிரைவர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 40 நாள் லீவு. வந்து நாலாம் நாள் ஓபிக்கு வந்துட்டார், முகம் செத்துப்போய். "பத்து நாள் ஆனா சரியாகுமா சார்?"னு நான் கேக்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டார். போன லீவில் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். முதல் வாரம் இப்படித்தான், அப்புறம் சரியாயிட்டு. அதுக்கு முந்தின லீவு? அதே. ரெண்டு வருஷம் தனியா இருந்த மனுஷன், 40 நாளை ஒரு நாளும் வீணாக்கக் கூடாதுங்கிற பதட்டம், பக்கத்து ரூமில் அம்மா, கூடத்தில் படுத்திருக்கிற சொந்தக்காரங்க, மேலே ஃபேன் சத்தம். வால்டிங்கர் இதை இயல்பாகவே மாறி மாறி வர்ற வகைன்னு தனியா பிரிச்சு வச்சிருக்கார். மருந்து வேண்டியதில்லை. "அண்ணாச்சி, லீவு முடியிறதுக்குள்ள ரெண்டு பேரும் தனியா எங்கயாவது ரெண்டு நாள் போயிட்டு வாங்க"ன்னு சொன்னேன். "எங்க சார் போறது, குத்தாலம்தான்"னார். சீசன் நேரம். ரூம் கிடைச்சுதான்னு தெரியலை, திரும்பி வரலை.

அவர் சொன்ன மாதிரி பாதி பேருக்கு வைத்தியமே கேள்வி கேக்கிறதில்தான் இருக்கு. இந்த நோய்க்கு ஸ்கேன் கிடையாது. விந்துப் பரிசோதனை தேவையில்லை, அது குழந்தை இல்லாததுக்குப் பார்க்கிற டெஸ்ட். நரம்பு டெஸ்ட், ஹார்மோன் பேக்கேஜ்னு எட்டாயிரம் ரூபாய்க்கு லிஸ்ட் போட்டுக் கொடுத்தா ஒரு நிமிஷம் யோசிங்க. நாங்க கேக்கிறது இதெல்லாம்தான். எப்ப இருந்து? ஒவ்வொரு தடவையுமா, சில தடவையா? தனியா இருக்கும்போது எப்படி? விறைப்பு கடைசி வரைக்கும் நிக்குதா? நேரம் போனதால் வருத்தம் யாருக்கு, உங்களுக்கா, அவங்களுக்கா, ரெண்டு பேருக்குமா? சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயித்தில் வலி? குடி? வேற மாத்திரை? உள்ளே போகும் முன்னாடியே முடிஞ்சிருதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்கவே கூடாது. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

விறைப்பு பத்தின கேள்விதான் வயசானவங்ககிட்ட கதவைத் திறக்கும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏத்துற ஒருத்தர், 48 வயசு. இருபது வருஷமா ஒரு குறையும் இல்லை, ஆறு மாசமா சீக்கிரம் ஆயிருது. தோண்டிக் கேட்டா, விறைப்பு பாதியில் தளர்ந்துருமோன்னு பயந்து அவரே அவசரப்பட்டு முடிக்கிறார். அதாவது நோய் இது இல்லை, அது. சுகர் பார்த்தோம், சாப்பாட்டுக்கு முன்னாடி 240. அவருக்கு அதுவரைக்கும் சுகர் இருக்கிறதே தெரியாது. ஆணுறுப்புக்குப் போற ரத்தக்குழாய் இதயத்துக்குப் போறதை விடச் சின்னது. அடைப்பு ஆரம்பிச்சா முதல்ல இங்கதான் தெரியும். அதனால நாப்பது தாண்டினவர் புதுசா இந்தப் பிரச்சினையோட வந்தா சுகர், பிரஷர், கொழுப்பு பார்க்காம நான் அனுப்புறதில்லை. இப்ப அவருக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே போகுது. என்ன காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தார்னு வீட்டில் சொல்லலை, சொல்ல வேண்டியதும் இல்லை.

தைராய்டு அதிகமா சுரந்தாலும் இது வரும். 2005-ல் வந்த ஒரு இத்தாலிய ஆய்வில், தைராய்டுக்கு வைத்தியம் பார்த்ததும் நிறைய பேருக்கு இது தானா சரியாச்சு. கை நடுங்குது, மார் படபடக்குது, நல்லா சாப்பிட்டும் எடை குறையுதுன்னா அந்த ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கலாம். புரோஸ்டேட் சுரப்பி வீக்கமும் ஒரு காரணம். போதை மாத்திரையை நிறுத்தின புதுசிலும் வரும்.

இனி குற்றாலத்துக்கு வருவோம்.

சீசன்னா எங்களுக்கு ரெண்டு விஷயம். சாரல், கேஷுவாலிட்டி. பேரருவியில் வழுக்கி விழுந்தவங்க, ஐந்தருவியில் கூட்டத்தில் மயங்கினவங்க, நாலு ஊர் சாப்பாட்டை ஒரே நாளில் சாப்பிட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்க. இதோட இன்னொரு கூட்டமும் வரும். அருவிக்குப் போற வழியில் மூலிகை, தைலம், லேகியம் விக்கிற கடைகளைப் பார்த்திருப்பீங்க. எல்லாரையும் குத்தம் சொல்லலை. எண்ணெய் தேச்சுக் குளிக்கிறதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனா லாட்ஜில் ரூம் எடுத்து, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும்னு நோட்டீஸ் ஒட்டி, ஆண்மைக்குறைவு ஸ்பெஷலிஸ்ட்டுன்னு உக்காருற ஆட்கள் இருக்காங்க பாருங்க, அவங்க வேற ஜாதி.

ஆலங்குளம் பக்கம் ஒரு தம்பி. வயசு 29, மினி லாரி ஓட்டுறார். கல்யாணம் ஆகி எட்டு மாசம். மனைவியை ஆடிக்கு அழைச்சிட்டுப் போனாங்க, ஆவணி பிறந்தும் அனுப்பலை. பொண்ணு வீட்டில் யாரோ யார்கிட்டயோ, "மாப்பிள்ளைக்கு ஏதோ குறையாம்"னு சொல்லி, அது சுத்தி இவர் மயினி வாய் வழியா இவர் அம்மா காதுக்கே வந்துருச்சு. இன்னொரு பக்கம், கல்யாண வீடு சாவு வீடு எங்க போனாலும், "என்ன, விசேஷம் உண்டா?" அந்தக் கேள்வியைக் கேக்கிறவங்க யாரும் கெட்டவங்க இல்லை. ஆனா அதைத் தாங்குறவனுக்கு அது சம்மட்டி.

இவர் போனது லாட்ஜ் ரூமுக்கு. அங்கே இருந்தவர் நாடி பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், "சின்ன வயசுப் பழக்கத்தால நரம்பு செத்துப்போச்சு, இன்னும் மூணு மாசம் விட்டா ஒண்ணும் பண்ண முடியாது"ன்னார். ரெண்டு டப்பா லேகியம், பொடி, ஒரு பாட்டில் கேப்ஸ்யூல். 38,000 ரூபாய். அம்மா வளையல் அடகுக்குப் போச்சு. கேப்ஸ்யூல் போட்டா என்ன ஆகும்னு கேட்டேன். முகம் சுடும், மூக்கடைக்கும், தலை விண்விண்ணுன்னு வலிக்கும். அந்த கேப்ஸ்யூலை நான் லேபுக்கு அனுப்பலை, அதனால உள்ளே என்ன இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மூணும் சில்டெனாஃபில் போட்டா வர்ற அறிகுறிகள். மூலிகைன்னு விக்கிற இந்த மாதிரி மருந்துகளில் அதைக் கலக்கிறது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பிடிபட்ட விஷயம். வேடிக்கை என்னன்னா, அது விறைப்புக்கான மருந்து. இவருக்கு விறைப்பில் பிரச்சினையே இல்லை.

இவர்கிட்ட அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். உள்ளே போகும் முன்னாடியே முடிஞ்சிருதா? ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் தலையை ஆட்டினார். எட்டு மாசத்தில் ஒரு தடவைகூட முழுசா உறவு நடக்கலை. "விசேஷம் உண்டா"ங்கிற கேள்விக்கு இந்த வீட்டில் எப்படிப் பதில் வரும்? இதை யாருமே கேக்கலை, லாட்ஜ்காரர் உட்பட. பொதுவா சீக்கிரம் முடியுறதால் குழந்தை நிக்காமல் போகாது. விந்து உள்ளே போனா போதும், முப்பது செகண்டா மூணு நிமிஷமாங்கிறதை கர்ப்பப்பை கேக்காது. உள்ளே போகாமலே முடிஞ்சாதான் சிக்கல். அதுக்கும் வழி இருக்கு.

கிளம்பும்போது, "இதுக்கு மேல இருந்து என்ன சார்"னு ஒரு வார்த்தை சொன்னார். அதை அப்படியே விட முடியாது. உக்கார வச்சு, சாகணும்னு தோணுதாவா தம்பின்னு நேராவே கேட்டேன். கேட்டா அந்த எண்ணம் வந்துருமோன்னு நிறைய பேர் பயப்படுறீங்க. வராது. கேட்டாத்தான் வெளியே வரும். வந்துச்சு. அன்னைக்கே மனநலப் பிரிவுக்குக் கையோட கூட்டிட்டுப் போய் விட்டோம். நம்ம மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் இருக்கார், சீட்டு இலவசம். "மனநலமா, நான் என்ன பைத்தியமா சார்?"னு கேட்டார். இல்லை. விந்து எப்ப வெளியேறணும்னு முடிவு பண்றது இடுப்பில் இருக்கிற நரம்பு மட்டும் இல்லை, மூளையும் தண்டுவடமும். அதில் செரோடோனின்னு ஒரு ரசாயனம் பிரேக் மாதிரி வேலை செய்யுது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த பிரேக் கொஞ்சம் லூஸ். செத்த நரம்பு, ஊத்திப்போன நரம்புன்னு ஒண்ணும் இல்லை.

இந்த பிரேக்கை டைட் பண்ற மருந்து கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டவங்க, "டாக்டர், விந்து வர ரொம்ப நேரம் ஆகுது"ன்னு புகார் சொன்னாங்க. ஒருத்தருக்குப் பக்கவிளைவு, இன்னொருத்தருக்கு வைத்தியமா இருக்கலாமேன்னு யோசிச்சு, 1994-ல் அதே வால்டிங்கர் பரோக்ஸெட்டினை வச்சு ஆய்வு பண்ணிக் காட்டினார். பரோக்ஸெட்டின், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின் எல்லாம் இந்தக் குடும்பம். தினமும் ஒண்ணு. ஒண்ணு ரெண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். வாந்தி வர்ற மாதிரி இருக்கும், தூக்கம் வரும், சிலருக்கு ஆசையே குறையும். பெரும்பாலும் போகப் போகத் தணியும். திடீர்னு நிறுத்தக் கூடாது. சின்ன வயசுக்காரங்களுக்கும், குழந்தைக்கு முயற்சி பண்றவங்களுக்கும் கொடுக்கும்போது கூடுதல் கவனம் வேணும். டோஸ் இங்கே எழுத மாட்டேன். எழுதினா நாளைக்கு மெடிக்கல் ஷாப்பில் என் திரெட்டைக் காட்டி வாங்குவீங்க.

இன்னொண்ணு டாபோக்ஸெட்டின். இதே குடும்பம், ஆனா உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிடும். அதனால தினமும் வேண்டாம், உறவுக்கு ஒண்ணுலேர்ந்து மூணு மணி நேரம் முன்னாடி போட்டாப் போதும். விந்து முந்துதலுக்குன்னே அனுமதி வாங்கின முதல் மருந்து இதுதான், 2009-ல் ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும். அமெரிக்காவில் அனுமதி கிடைக்கலை. நம்ம ஊரில் கிடைக்குது, அதுவும் சில்டெனாஃபிலோட சேர்த்து ஒரே மாத்திரையா. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. எப்படி விக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

போன சீசனில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. புதுசா கல்யாணம் ஆனவர், வெளியூர். லாட்ஜ் பாத்ரூமில் மயங்கி விழுந்து புருவம் கிழிஞ்சிருச்சு, அஞ்சு தையல். சட்டைப் பையில் அந்த ரெட்டை மாத்திரை அட்டை. குடிச்சும் இருந்தார். அந்த மாத்திரைக்கு மயக்கம் வரவைக்கிற குணம் உண்டு, எழுந்து நிக்கும்போது பிரஷர் சட்டுனு இறங்கும், கூட சாராயம் சேர்ந்தா கேக்கவே வேண்டாம். தையல் போடும்போது அந்தப் பொண்ணு ரூம் வாசலிலேயே நின்னுக்கிட்டிருந்தது. கையில் மருதாணி கூட அழியலை. "ஃப்ரெண்டு கொடுத்தான் சார், சும்மா ட்ரை பண்ணச் சொன்னான்"னார் அவர். முன்னாடி பிரச்சினை ஏதும் உண்டான்னு கேட்டேன். இல்லையாம்.

இதைவிடப் பயமா இருக்கிறது நெஞ்சுவலியோட வர்ற ஐம்பது வயசுக்காரங்க. இதய நோய்க்கு நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரையும் சில்டெனாஃபிலும் சேர்ந்தா பிரஷர் ஒரேயடியா சரிஞ்சு ஆளே போயிரலாம். அதனால நாங்க கேப்போம், வேற ஏதாவது மாத்திரை போட்டீங்களான்னு. சுத்தி பெண்டாட்டி, மகள், மருமகன் எல்லாரும் நிக்கும்போது யார் சொல்வா? இப்ப நான் சொந்தக்காரங்க எல்லாரையும் ரத்தம் கொடுக்கிற சீட்டு, இசிஜி சீட்டுன்னு ஏதாவது சொல்லி வெளியே அனுப்பிட்டுத்தான் கேக்கிறேன். இதைப் படிக்கிற யாருக்காவது அந்த நிலைமை வந்தா, டாக்டர் காதில் மட்டுமாவது சொல்லிடுங்க. லேகியம், மூலிகை கேப்ஸ்யூல் சாப்பிட்டிருந்தாலும் சொல்லுங்க.

இந்த விளம்பரங்களுக்கெல்லாம் சட்டமே இல்லையான்னு கேக்கலாம். 1954-லேயே இருக்கு. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம். உடலுறவு இன்பத்துக்கான திறனைக் கூட்டும்னு எந்த மருந்துக்கும் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு மூணாவது பிரிவு சொல்லுது. முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் வரை ஜெயில். சட்டத்துக்கு எழுபது வயசு தாண்டிருச்சு. நம்ம பஸ் ஸ்டாண்ட் சுவரைப் பாருங்க, ராத்திரி டிவியைப் பாருங்க. சித்த மருத்துவத்தில் பார்க்கணும்னு விருப்பம் இருந்தா அரசு ஆஸ்பத்திரியிலேயே சித்தா பிரிவு இருக்கு. படிச்சுப் பதிவு பண்ணின மருத்துவர், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கு. லாட்ஜ் ரூமில் நடக்கிறது சித்த மருத்துவம் இல்லை. அவங்களுக்கும் அது அவமானம்தான்.

அந்தத் தம்பி கதைக்கு வர்றேன். மாத்திரை ஆரம்பிச்சாங்க. கூடவே மரத்துப்போக வைக்கிற லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த களிம்பு. இருபது முப்பது நிமிஷம் முன்னாடி கொஞ்சமாத் தடவி, உறவுக்கு முன்னாடி கழுவிடணும், இல்லைன்னா ஆணுறை போடணும். கழுவாம விட்டா மனைவிக்கும் மரத்துப்போகும். அப்புறம் பயிற்சி. 1956-ல் ஜேம்ஸ் சீமன்ஸ்னு ஒரு அமெரிக்க மருத்துவர் சொன்ன நிறுத்தி நிறுத்திப் போற முறை. வரப்போகுதுன்னு தெரியிற கட்டத்துக்கு முன்னாடியே நிறுத்தணும், உணர்வு தணிஞ்சதும் மறுபடி, இப்படி மூணு தடவை, நாலாவது தடவை விட்டுரலாம். முதல்ல தனியா, அப்புறம் மனைவி கையால், கடைசியிலதான் உறவில். லாரி ஓட்டுறவருக்கு விளக்க எனக்குச் சிரமமே இல்லை. செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போது வளைவு வந்தப்புறமா பிரேக் போடுவீங்க, முன்னாடியே போடுவீங்களான்னு கேட்டேன். சிரிச்சார். அன்னைக்குத்தான் முதல் தடவை அவர் சிரிச்சு நான் பார்த்தேன். மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-ல் சொன்ன, நுனியை அழுத்திப் பிடிக்கிற முறையும் இருக்கு. சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கி விடுற பயிற்சிக்கும் சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு. செலவில்லாதது, செய்யலாம். பயிற்சி மட்டும்னா பலன் நாளாக ஆகத் தேய்ஞ்சு போகும், அதனாலதான் மருந்தும் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கிறது. டிரமடால்னு வலி மாத்திரையை இதுக்குச் சாப்பிடுறவங்களும் இருக்காங்க. பழக்கம் ஆயிரும், தொடாதீங்க.

எல்லாத்துக்கும் மேல, மனைவி வரணும்னு சொன்னோம். மாமியார் வீட்டில் போய்க் கூப்பிடவே அவருக்கு ரெண்டு வாரம் ஆச்சு. வந்தாங்க. பீடி சுத்துற பொண்ணு, விரலில் இலை கறை. புருஷனுக்கு என்ன பிரச்சினைன்னு நாங்க சொல்லச் சொல்ல முகம் மாறிக்கிட்டே வந்துச்சு. நான் கோபம்னு நினைச்சேன். "இதைச் சொல்லியிருந்தா நான் ஏன் சார் போறேன்? முடிஞ்சதும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. என்னைப் பிடிக்காமக் கட்டிக்கிட்டாருன்னுல்ல நினைச்சேன்."

எட்டு மாசம். ஒருத்தர் தன் நரம்பு செத்துப்போச்சுன்னு அழுதுக்கிட்டிருந்தார், இன்னொருத்தர் தன்னைப் பிடிக்கலைன்னு அழுதுக்கிட்டிருந்தாங்க. ஒரே பாயில்.

பெண்கள் படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை, ஆண்களுக்கு ரெண்டு. பெரும்பாலான பெண்களுக்கு உள்ளே போற உறவால் மட்டும் உச்சம் வர்றதில்லை. வெளியே இருக்கிற கிளிட்டோரிஸ்தான் அவங்களுக்கு முக்கியம். அதுக்குக் கை போதும், வாய் போதும், பொறுமை போதும். நேரத்தை மட்டும் நீட்டிக்கிட்டே போனா அவங்களுக்குச் சந்தோஷம் வரும்னு எந்தக் கணக்கும் சொல்லலை. முடிஞ்சிருச்சுன்னா ராத்திரி முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்லை. திரும்பிப் படுக்காதீங்க.

ரெண்டு மாசம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தார். "மூணு நிமிஷம் சார்"னார், ஏதோ பப்ளிக் பரீட்சை மார்க் சொல்ற மாதிரி. ஸ்டாப்வாட்ச் ஆய்வில் நடுவில் நிக்கிற ஆளுக்கு இன்னும் ரெண்டரை நிமிஷம் பாக்கி இருக்கு, ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் அது போதும்னா எனக்கும் போதும். வளையல் இன்னும் மீளலை. மாத்திரையை எவ்வளவு நாள் சாப்பிடணும்னு கேட்டார். பிறவியிலிருந்தே இருக்கிற வகைக்கு மாத்திரையை நிறுத்தினா பழைய நிலைக்குத் திரும்பலாம், அதை மறைக்காம சொல்லிடணும். சில மாசம் நல்லாப் போனப்புறம் மெதுவாக் குறைச்சுப் பார்ப்போம், திரும்பினா மறுபடி ஆரம்பிப்போம், பிரஷர் மாத்திரை மாதிரிதான்னு மனநல மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

காலேஜ் பசங்க நிறைய பேர் இதைப் படிப்பீங்க. உங்களுக்காக ஒரு பத்தி. கைப்பழக்கத்தால விந்து முந்துதல் வராது, நரம்பு சாகாது, கன்னம் ஒட்டாது. தூக்கத்தில் விந்து போறது வளர்ற உடம்பில் நடக்கிறதுதான். நாப்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்துங்கிற கணக்கு எந்த உடற்கூறியல் புத்தகத்திலும் இல்லை. விந்தின் பெரும்பகுதி விந்துப்பையிலும் புரோஸ்டேட்டிலும் சுரக்கிற திரவம், போனா மறுபடி ஊறும். ஆனா இந்தப் பயம் நிஜம், அது உடம்பை நிஜமாவே படுத்தும். நம்ம நாட்டு மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960-லேயே இதுக்கு தாத் சிண்ட்ரோம்னு பேர் வச்சார். விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் புதிரா புனிதமான்னு ஒரு நிகழ்ச்சி நடத்தினாங்க. நான் அப்ப பள்ளிக்கூடத்துப் பையன், சவுண்டைக் குறைச்சு வச்சுப் பார்த்தது ஞாபகம். கூச்சப்படாம இயல்பா ஒரு வயசானவர் பேசினார். அந்த இடத்துக்கு அப்புறம் யார் வந்தாங்கன்னு யோசிச்சா, ராத்திரி லேகியக்காரங்கதான்.

ஐந்தருவியில் குளிச்சா சரியாகுமான்னு ஒருத்தர் போன வாரம் மெசேஜ் போட்டிருந்தார். குளிங்க சார். தலையில் தண்ணி விழுற அந்தப் பத்து நிமிஷம் எதையும் நினைக்க மாட்டீங்க, அது நல்லதுதான். நேரம் கூடாது.

டாக்டரைப் பார்க்கணும்னு முடிவு பண்ணினவங்களுக்கு நடைமுறை விஷயம். ஓபி சீட்டு வாங்கும்போது என்ன தொந்தரவுன்னு கேட்டா பொது மருத்துவம்னு மட்டும் சொல்லுங்க, காரணத்தை கவுண்டரில் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் குறையிற பதினோரு மணிக்கு மேல வாங்க. திங்கக்கிழமை வேண்டாம். உள்ளே வந்து, "தனியாப் பேசணும்"னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும், மீதியை நாங்க பார்த்துக்குவோம். சாப்பிடுற மாத்திரை, லேகியம் எல்லாத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்க. விறைப்போ சிறுநீரோ பிரச்சினைன்னா யூராலஜிக்கு திருநெல்வேலி மெடிக்கல் காலேஜுக்கு எழுதித் தருவோம். நேரில் வரவே முடியலை, மனசு ரொம்பக் கனமா இருக்குன்னா 14416-க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் இருக்கு. கல்யாணம் ஆனவங்க முடிஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. கேட்டா பிரஷர் செக்கப்புக்குன்னு வீட்டில் சொல்லிக்கலாம். பிரஷரும் கட்டாயம் பார்ப்பேன்.